மேப்பிளுக்கு மாடி ஆகாது, மலை ஆகும்

மதுரையில் ஜப்பானிய மேப்பிள் வளருமா என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் விடை ஒன்றுதான்: வளரும், ஆனால் வாழாது. ஐப்பசி மழைக்குப் பின் வாங்கி வைத்த கன்று மாசி வரை தளிர்விட்டு வீட்டாரை மகிழ வைக்கும். பங்குனி பிறந்ததும் இலை ஓரம் கருகத் தொடங்கும். அந்தக் கோடையை எப்படியோ தாண்டிவிட்டாலும் அடுத்த ஆண்டு பாதிக் கிளைகளில்தான் தளிர் வரும். அதற்கடுத்த கோடையில் தொட்டி காலியாகிவிடும். பழியைப் பெரும்பாலும் வெயிலின் மேல் போட்டுவிடுகிறோம். வெயில் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அதுவும் பெரிய பாதி, நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததே.

இந்த மரம் வெயிலே அறியாதது அன்று. அதன் சொந்த நாட்டில், கியோட்டோ நகரில், ஆகஸ்டு மாதத்துப் பகல் வெப்பம் சராசரியாக 33 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் மரம் அதைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் அதே நகரில் ஜனவரி இரவுகள் 1, 2 டிகிரி வரை இறங்குகின்றன. அப்போது மரம் இலைகளை முழுதாக உதிர்த்து, மொட்டுகளை இறுக மூடிக்கொண்டு, பல வாரங்கள் உறங்குகிறது. ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழான குளிரில் பல நூறு மணி நேரம் கிடந்த பிறகுதான் மொட்டுக்குள் இருக்கும் வளர்ச்சித் தடை நீங்கும். அதன் பின் வரும் இளவெயிலில் எல்லா மொட்டுகளும் ஒருசேர விரியும். மதுரையிலோ மார்கழி விடியற்காலையும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. உறங்க வழியில்லாத மரம் இலையையும் ஒழுங்காக உதிர்ப்பதில்லை. கிழிந்து கருகிய பழைய இலைகளைச் சுமந்தபடியே கிளை நுனியிலுள்ள மொட்டுகளை மட்டும் விரிக்க, இடையிலுள்ள கணுக்கள் வெறுமையாகவே நின்றுவிடுகின்றன. இப்படி நுனியில் மட்டும் தளிரும் நடுவில் மொட்டைக் குச்சியுமாக நிற்கும் மேப்பிளைப் பார்த்து, சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா தூவ வேண்டாம். அது தூக்கம் கெட்ட மரம். உரத்தால் அதற்கு ஆவது ஒன்றுமில்லை.

நான் குடியிருப்பது திருநகர்ப் பக்கம். என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருப்பது கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில். அங்கே மச்சானுக்குப் பேரிக்காயும் பிளம்ஸும் மலைப்பூண்டும் விளையும் படிக்கட்டு நிலம் கொஞ்சம் உண்டு. விதை முளைக்க வைத்து நாற்று ஆக்கும் வேலையை மதுரை மாடியிலும், மரமாக வளர்க்கும் வேலையை அக்கா வீட்டுத் தோட்டத்திலும் என்று பிரித்துக்கொண்டதால்தான் இந்த மரத்தோடு எனக்கு உறவு நிலைத்தது. மலையில் இடம் தேடுவோருக்கு நான் சொல்லும் அளவுகோல் கடல்மட்டக் கணக்கு அன்று, அங்கே ஏற்கெனவே நிற்கும் மரங்கள். காப்பியும் மிளகும் மலைவாழையும் செழிக்கும் உயரம் மேப்பிளுக்குப் போதாது. ஆகவே சிறுமலையும் தாண்டிக்குடியும் கணக்கில் வாரா. பேரியும் பிளம்ஸும் தாமாகவே இலை உதிர்த்து, மாசியில் மொட்டைக் கிளையில் பூப்பூக்கும் இடமாக இருந்தால் மேப்பிளை நம்பி வைக்கலாம். 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலிலும் குளிர் மணிக் கணக்கு ஜப்பானைப் போல நிறைந்துவிடுவதில்லை. மார்கழி, தை இரவுகளில் 8, 9 டிகிரியும், பள்ளமான இடங்களில் சில நாள் உறைபனியும் கிடைக்கின்றன. மரம் அதைக்கொண்டு சமாளித்துக்கொள்கிறது.

அங்கே இலை நிறம் மாறுவதைப் பற்றிப் படம் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கியோட்டோவில் கோடைப் பகல் ஏறத்தாழ பதினான்கரை மணி நேரம், குளிர்காலப் பகல் பத்து மணி நேரத்துக்கும் குறைவு. பகல் குறுகிக்கொண்டே வருவதுதான் இலையை மூடிக்கொள்ளச் சொல்லி மரத்துக்குக் கிடைக்கும் முதல் அறிவிப்பு. நம் பழனி மலைத்தொடர் நிலநடுக்கோட்டுக்குப் பத்து பாகை வடக்கே மட்டும் இருப்பதால், ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இங்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான வேறுபாடுதான். அறிவிப்பு மங்கலாக வருவதால் மரம் தயங்கித் தயங்கி, மார்கழி நடுவில்தான் நிறம் மாறுகிறது. பச்சையம் சிதைந்து போகும் வேளையில் இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து செந்நிறமி உருவாக வேண்டும். அதற்குத் தெளிந்த வெயிலும் குளிர்ந்த இரவும் சேர்ந்தாற்போல் வேண்டும். வடகிழக்குப் பருவமழை தை வரை இழுத்துக்கொண்டு மேகமூட்டமாகவே கழியும் ஆண்டில் இலைகள் அழுக்கு மஞ்சளாகி உதிர்ந்துவிடுகின்றன. மழை முன்கூட்டியே வெளுத்த ஆண்டில் மட்டுமே அந்தச் சிவப்பு வருகிறது. எனக்கென்னவோ, மாசிக் கடைசியில் விரியும் தளிரே அதைவிட அழகு. மொட்டின் செதில் பிரிந்ததும் விரல்களைக் கூப்பியது போல மடிந்த குட்டி இலை தலைகவிழ்ந்து தொங்கும்; மடிப்பு ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெண்மயிர் ஓடியிருக்கும்; இரண்டு மூன்று நாளில் அது நிமிர்ந்து ஏழு கதுப்பாக விரியும்போது, நரம்புகள் மட்டும் சிவந்து நடுவெல்லாம் தேன் நிறமாக இருக்கும்.

நடவைப் பொறுத்தவரை, இதன் வேர் மேலாகவே படரும் மெல்லிய நார்வேர். ஆழக் குழி தேவையில்லை, அகலக் குழிதான் தேவை. தண்டு வேராக விரியத் தொடங்கும் அடிப்பகுதி மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதை மண்ணில் புதைத்தால் பட்டை அழுகும். மண்ணின் புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் 5.5 முதல் 6.5 வரையிலான புளிப்புத் தன்மையுள்ள மண் இதற்கு ஏற்றது என்பதால் மலைமண் பொருந்துகிறது. சுண்ணாம்பு கலக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கும் இடத்தை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் ஈரத்தை விரும்பும் இதே வேர் தேங்கிய நீரில் சில நாளில் அழுகிவிடும். படிக்கட்டு நிலத்தின் விளிம்பில், மேலைக் காற்று நேரே மோதாத பக்கம், காலை வெயில் விழுந்து உச்சி வெயில் மறையும் இடம் இருந்தால் அதுவே தக்கது. விழுந்த பைன் ஊசிகளை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புகிறோம், தண்டை ஒட்டி ஒரு சாண் விட்டு.

இடம் தேர்வில் இன்னொன்று உண்டு. கொடைக்கானல் பக்கம் அதுதான் மிக முக்கியமானது. முதல் ஒட்டுக் கன்று வந்தபோது மச்சான், “உருளைக்கிழங்கு போட்ட பாத்திதான் மாப்ளே நல்லா உரம் ஏறுன மண்ணு, அங்கயே வச்சுவிடுவோம்” என்றார். நல்ல மண்தான், கன்றும் இரண்டு பருவம் துளிர்த்தது. பிறகு ஒரு வைகாசியில், மற்ற கிளைகள் பச்சையாக இருக்க, ஒரே ஒரு கிளையின் இலைகள் மட்டும் ஈரமிருந்தும் துவண்டு, உதிராமல் அப்படியே காய்ந்தன. அந்தக் கிளையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது, வெளிறிய மரக்கட்டைக்குள் கரும்பச்சைப் புள்ளிகள் பாதி வட்டமாக அமைந்திருந்தன. பட்டையைச் சீவினால் அவை கோடுகளாக நீண்டன. வெர்டிசிலியம் என்னும் வாடல் பூஞ்சையின் அடையாளம் அது. உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி ஆகியவற்றைத் தாக்கும் இந்தப் பூஞ்சை பல ஆண்டுகள் மண்ணிலேயே கிடந்து, மேப்பிள் வேர் வழியாக ஏறி நீர்க்குழாய்களை அடைத்துவிடும். மருந்தடித்து இதை விரட்ட முடியாது. கிளையை நன்றாக இறக்கி வெட்டி எரித்தோம். அரிவாளையும் கத்தரியையும் ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட் தோய்த்துத் துடைத்தோம். மரம் இன்றும் அரை உயிராக நிற்கிறது. அதன் பின் வந்த கன்றுகள் எல்லாம் பூண்டு மட்டுமே போட்டு வந்த மேல்படியில் வைக்கப்பட்டன, அவற்றில் இந்த நோய் இல்லை. உருளைக்கிழங்கு போட்ட நிலம் மட்டுமே கையில் இருக்குமானால், வேறு மண் நிரப்பிய பெரிய தொட்டியிலேயே மேப்பிளை வைத்துக்கொள்வது மேல்.

காட்டுமாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவில் இறங்கி வரும் காட்டுமாடு மேப்பிள் இலையைத் தின்பதைவிடத் தண்டில் உடம்பைத் தேய்ப்பதுதான் நட்டம். பட்டை சுற்றிலும் உரிந்துவிட்டால் மரம் பிழைக்காது. மூங்கில் படல் அதற்குத் தடையே இல்லை. வீட்டுச் சுவருக்கும் கழுதைப் பாதைக்கும் நடுவில், மாடு நுழையாத சந்தில் வைத்ததுதான் கடைசியில் பலித்தது.

கவாத்துக்கு ஏற்ற காலம், இலை உதிர்ந்து முடித்ததிலிருந்து மொட்டு வீங்குவதற்கு முன் வரை. எங்கள் கணக்கில் அது தைக்குள் முடிந்துவிட வேண்டும். மாசியில் வெட்டினால் வெட்டுவாயிலிருந்து நாள் முழுக்கச் சாறு சொட்டும். மேப்பிளின் மொட்டுகள் ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இரண்டாக அமைந்திருப்பதால், ஒரு கணுவுக்கு மேலே வெட்டினால் அங்கிருந்து இரண்டு கிளைகள் கவட்டையாகப் பிரியும். கிளை எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கத்து மொட்டை வைத்துக்கொண்டு மற்றதை விரல் நகத்தால் கிள்ளிவிடலாம். கணுவை ஒட்டி வெட்டாமல் சிறிது குச்சி விட்டு வெட்டுவது நல்லது, அந்த மிச்சம் காய்ந்து தானே விழும். ஒட்டுக் கன்றில், ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் பச்சைத் தளிரை உடனே கிள்ள வேண்டும். அது மேல்செடியைவிட வீரியம் மிக்கது. ஈராண்டு விட்டுவைத்தால் காசு கொடுத்து வாங்கிய சிவப்பு மேப்பிள் மறைந்து, விதைச்செடியான பச்சை மேப்பிள் மட்டும் மிஞ்சும். உரம் மிகக் குறைவாகப் போதும். மொட்டு வீங்கும்போது இரண்டு கை மண்புழு உரமும், தளிர் முற்றிய பின் ஒரு முறை நன்கு நீர்த்த கடலைப் புண்ணாக்குக் கரைசலும் தருகிறோம். ஆவணிக்குப் பிறகு எதுவும் தருவதில்லை, தந்தால் பிந்தி வந்த இளங்குச்சி முற்றாமலே பனியில் கருகிவிடும்.

இனி மதுரையில் நடக்கும் வேலை. மேப்பிள் விதைக்கும் குளிர் உறக்கம் தேவை. ஆனால் விதையின் உறக்கத்துக்கு வீட்டு ஃபிரிட்ஜ் போதும் என்பது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. இறக்கையைக் கிள்ளிவிட்டு, கை பொறுக்கும் வெந்நீரில் விதையைப் போட்டு, அது ஆறியபின்னும் ஒரு நாள் முழுக்க ஊறவிட வேண்டும். மிதக்கும் விதையில் பெரும்பாலும் பருப்பு இராது. ஊறியவற்றை, பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு ஈரமாக்கிய கோகோபீட் என்னும் தென்னை நார்க்கழிவில் கலந்து, ஜிப் கவரில் இட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்றிலிருந்து நான்கு மாதம் வைக்க வேண்டும். ஃபிரீசரில் வைக்கக் கூடாது. பதினைந்து நாளுக்கொரு முறை திறந்து பார்த்து, பூசணம் பிடித்ததை எடுத்துவிட வேண்டும். பல நாள் காய்ந்து போன விதை முதல் சுற்றில் முளைக்காமல் அடுத்த ஆண்டு முளைப்பதும் உண்டு, ஆகையால் உடனே குப்பையில் கொட்ட வேண்டாம். ஆடியில் ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் வெண்முளை நீட்டும். மதுரையின் இதமான காலமும் அப்போதுதான் தொடங்குகிறது. முதலில் வரும் இரண்டு விதையிலைகள் நாடாவைப் போல நீண்டு மழுங்கியிருப்பதைப் பார்த்து, களை முளைத்துவிட்டது என்று பிடுங்கியவர்களை அறிவேன். பல் விளிம்புள்ள மேப்பிள் இலை அதற்கடுத்த ஜோடியிலிருந்துதான் தொடங்கும். விதைச்செடி தாயைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சிவப்புத் தாயின் விதையில் பச்சைப் பிள்ளைகள் பாதிக்கு மேல் இருந்தால் வியப்படைய வேண்டாம்.

நாற்றுக் கலவையில் நான் களிமண் சேர்ப்பதில்லை. சலித்த செங்கல் சில்லு இரண்டு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, கழுவிய கோகோபீட் ஒரு பங்கு. கழுவிய என்பதை அழுத்திச் சொல்கிறேன்: தென்னை நார்க்கழிவில் உப்பு மிகுதி, இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியாமல் பயன்படுத்தினால் மேப்பிள் இலை நுனி அதிலேயே கருகும். எங்கள் போர்வெல் தண்ணீரும் அத்தகையதுதான்; மண் தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்பதே அதன் உப்புக்குச் சான்று. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுகிறேன், அது தீர்ந்தால் ஏசியிலிருந்து சொட்டும் நீர். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீர் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். போர்வெல் நீரைத் தவிர்க்க முடியாதவர்கள், வாரம் ஒரு முறையாவது தொட்டியின் அடித்துளை வழியே தாராளமாக வழிந்தோடும் அளவு நல்ல நீரை ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும்.

நாற்று பங்குனிக்கு முன் மலையேறிவிட்டால் தொல்லையில்லை. ஏதோ காரணத்தால் கோடையில் மாடியிலேயே தங்க நேர்ந்தால், கவனிக்க வேண்டியது பகல் வெயிலைவிட இரவில் தளம் கக்கும் சூடு. கான்கிரீட் மீது தொட்டியை வைக்காமல் பலகை மீது ஏற்றி, பெரிய மண் தொட்டிக்குள் சிறிய தொட்டியை இறக்கி, இடையில் ஈர மணல் நிரப்ப வேண்டும். நிழல்வலையைச் செடியின் தலையை ஒட்டிக் கட்டினால் வலைக்கடியில் வெப்பம் தேங்கும். ஆள் உயரத்துக்கு மேல் கட்டி நான்கு பக்கமும் திறந்து விட வேண்டும். இவ்வளவு செய்தும் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று ஒரே பிற்பகலில் இலை விளிம்பைப் பழுப்பாக்கிவிடும், ஏனென்றால் வேர் ஈரத்தை ஏற்றும் வேகத்தைவிட இலை அதை இழக்கும் வேகம் கூடிவிடுகிறது. அப்போது நீரை மேலும் மேலும் ஊற்றுவதால் பயனில்லை. காற்றுக்குத் தடுப்பு வைப்பதுதான் மருந்து. கருகிய இலையைப் பறிக்கவும் வேண்டாம், மீதிப் பச்சை இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

மலைக்குக் கொண்டுபோக மாசி முதல் வாரம் நல்லது. ஆரப்பாளையத்திலிருந்து புறப்படும் அதிகாலைப் பேருந்தில், தொட்டிகளை ஈரச் சாக்கால் சுற்றி இருக்கைக்கடியில் வைத்துவிட்டால், வத்தலக்குண்டு வெயில் ஏறுவதற்குள் மலைப்பாதையைப் பிடித்துவிடலாம். போனதும் திறந்த வெளியில் வைக்காமல் இரண்டு வாரம் பேரி மரத்தடி நிழலில் பழக்க வேண்டும்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்கவும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நீல இலை மேப்பிள் விதை என்று இணையத்தில் விற்கிறார்கள். நீல இலையுள்ள மேப்பிள் உலகில் எங்கும் இல்லை, படத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து கன்றோ விதையோ தருவிப்பதாக இருந்தால் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அந்நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. அஞ்சல் உறையில் மறைத்து வரும் விதையை நான் தொடுவதில்லை. சீட்டில் வெறுமனே மேப்பிள் என்று எழுதியிருந்தால் போதாது, ஏசர் பால்மேட்டம் என்று இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பர்க் 1784-இல் சூட்டிய பெயர் அது. காஷ்மீரின் சினார் மரத்தையும் மேப்பிள் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. இலைக்காம்புகள் கணுவில் எதிரெதிராக இருந்தால் மேப்பிள், மாறி மாறி ஒவ்வொன்றாக இருந்தால் சினார். மதுரைச் சுற்றுவட்டார நர்சரிகளில் ரெட் மேப்பிள் என்று தரப்படுவதும் பலமுறை ஒரு செம்பருத்தி இனம்தான். அதன் இலையும் மாறி மாறியே இருக்கும். தண்டைக் கிள்ளினால் நாராக உரியும்.

ஆனால் மலையில் உறவோ நிலமோ இல்லாதவர்கள் அந்தச் செம்பருத்தியையே மனமாரப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம் என்பது என் கருத்து. கருஞ்சிவப்பு நிறமும் கதுப்பு கதுப்பான இலையும் அச்சு அசலாக மேப்பிளை ஒத்திருக்கும்; மதுரை வெயிலில் சளைக்காமல் வளரும். மரமாகவே வேண்டுமென்றால், தை மாதத்தில் பழுத்துச் சிவக்கும் நாட்டு பாதாமும், பங்குனியில் செம்பு நிறத் தளிர் விடும் அரசும் இலுப்பையும் நம்மிடம் இருக்கின்றன. அரசைத் தொட்டியில் குறுக்கி வளர்ப்பதும் எளிது. செம்பருத்தியை மாதம் ஒரு முறை நுனி கிள்ளிவிட்டால் அடர்ந்து வரும், குச்சியை மழைக்காலத்தில் ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். கிள்ளிய கொழுந்தையும் எறிய வேண்டியதில்லை. புளிப்பாக இருப்பதால் எங்கள் வீட்டில் அதைப் புளிச்சக்கீரையோடு சேர்த்துத் துவையல் அரைத்துவிடுகிறார்கள்.